உங்க வீட்டு டேங்க்ல யார் இறங்குறாங்க?

2021 மே மாதக் கடைசி. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. மணலியில் நான் வேலை பார்க்கும் ரசாயனத் தொழிற்சாலை ஊரடங்கிலும் ஓடியது. அங்கே நான் சேஃப்டி ஆபீசர். தினமும் வெளியே போய் வருகிறவன், அம்மாவுக்குத் தொற்றிவிடக் கூடாது என்று எங்கள் கட்டடத்தின் மொட்டை மாடி அறைக்குக் குடிபோனேன். திருவொற்றியூரில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட கட்டடம். வாட்ச்மேனுக்காகக் கட்டி, யாரும் தங்காமல் கிடந்த அறை அது. சாப்பாடு படிக்கட்டு வரை வரும். பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அக்கா மகன்தான் போனில் கிளப்ஹவுஸைப் போட்டு, "மாமா, இதுல பேசிட்டே இருங்க, பொழுது போகும்" என்றான். ஆண்ட்ராய்டு போன்களுக்கு அது அப்போதுதான் வந்திருந்தது.

முகம் கிடையாது, எழுத்து கிடையாது. குரல் மட்டும். கையைத் தூக்கினால், ரூமை நடத்தும் மாடரேட்டர் பேசுகிறவர்கள் வரிசைக்கு மேலே ஏற்றிவிடுவார். இரவு பதினொன்றுக்குத் தொடங்கும் ரூம் விடியும்வரை ஓடும். கடவுள் உண்டா, இடஒதுக்கீடு இன்னும் எத்தனை நாள், மதமாற்றம் சரியா, ஈழத்தில் யார் தவறு செய்தார்கள். தொழிற்சாலையில் இருபது வருடமாக நான் வாயைத் திறக்காத விஷயங்கள் எல்லாம் அங்கே இருந்தன. ஷிஃப்டில் சாதியும் மதமும் பேசினால் மறுநாள் வேலை கெடும் என்பது எங்கள் இடத்தில் எழுதாத விதி. கிளப்ஹவுஸ் அடங்கிய பிறகு அதே குரல்கள் ட்விட்டர் ஸ்பேஸுக்கு இடம் மாறின. நானும் மாறினேன். இப்போது வெள்ளிக்கிழமை இரவு மட்டும்.

நேரம் வீண் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம்மைத் தெரிந்தவர்கள், நமக்கு வலிக்குமே என்று சில கேள்விகளை விழுங்கிவிடுவார்கள். முகம் தெரியாதவருக்கு அந்தத் தாட்சண்யம் தேவையில்லை. பட்டென்று கேட்டுவிடுவார். என்னைத் தூங்கவிடாத கேள்விகள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

முதலில் நான் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்லிவிடுகிறேன்.

2022 ஆடி மாதம். ஒலிபெருக்கியும் வழிபாடும் என்று ஒரு ரூம். புரொஃபைலில் சிங்கப் படம் வைத்திருந்த ஒருவர் பாங்கைப் பற்றி மிக மோசமாகப் பேசினார். வழிபாட்டில் தொடங்கி, அந்த மக்களே இந்த ஊரில் இருக்கக் கூடாது என்கிற இடத்துக்கு ஐந்து நிமிடத்தில் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு வாதம் செய்ய முடியாது. என்னிடம் சொந்தமாக ஒரு டெசிபல் மீட்டர் இருக்கிறது. சத்தம் அளப்பது என் தொழிலில் ஒரு பகுதி. மூன்று வாரம் மொட்டை மாடியில் நின்று அளந்தேன். எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல் பாங்கு 61ஐத் தாண்டவில்லை. கூழ் ஊற்றும் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர் 86. மாதா கோயில் தேர் அன்று 79. கட்சிக் கூட்டம் 88. சைலன்சரைப் பிடுங்கிய பைக் ஒன்று 93. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45தான் அனுமதி. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கியே கூடாது. அந்த விதிக்குள் அதிகாலைப் பாங்கும் வரும், மார்கழித் திருப்பாவையும் வரும்.

அடுத்த வாரம் எல்லாவற்றையும் ரூமில் படித்தேன். இரண்டு பக்கமும் என் மேல் பாய்ந்தார்கள். "சார், நீங்க யார் பக்கம்?" என்று நான்கு பேராவது கேட்டிருப்பார்கள். சிங்கப் படக்காரர் மட்டும் பேசவே இல்லை. ஏதோ தோன்றி அவரிடம், "தம்பி, நீங்க ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் வேறு குரலில் பேசினார். சோழிங்கநல்லூரில் அமெரிக்க ஷிஃப்ட். கம்பெனி வண்டி ராயப்பேட்டையில் இறக்கிவிடும்போது நாலே கால். கை கால் கழுவிப் படுக்க நாலே முக்கால். கண் அசரும் நேரத்தில் ஜன்னலுக்கு நேர் எதிரே ஸ்பீக்கர். பதினாலு மாதமாக இப்படியாம். "தலை வெடிக்குது சார். யார்கிட்ட சொல்றது?"

என் எண்கள் எல்லாம் சரியான எண்கள். ஆனால் அவர் தூக்கத்துக்கு அவை பதில் இல்லை. அன்று ரூம் முடிந்ததும் தனியாகப் பேசினேன். தொழிற்சாலையில் கம்ப்ரஸர் ஹவுஸுக்குள் போகிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் மஞ்சள் ஸ்பாஞ்ச் காதடைப்பானைப் பற்றிச் சொன்னேன். மெடிக்கல் கடையிலேயே கிடைக்கும். நிறையப் பேர் அதை அப்படியே காதில் அமுக்கிவிட்டு, வேலை செய்யவில்லை என்பார்கள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து விளக்குத்திரி போல மெல்லிசாக உருட்ட வேண்டும். வலது காதுக்கு என்றால் இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். அப்போதுதான் துவாரம் நேராகும். உள்ளே விட்டு, அது விரிந்து அடைக்கும்வரை விரலை எடுக்காமல் அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பாக்கெட்டில் முப்பது டெசிபலுக்கு மேல் குறைக்கும் என்று போட்டிருக்கும். நடைமுறையில் பாதி கிடைத்தாலும் பெரிது. பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போய் ஸ்பீக்கரைச் சற்றுத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், கேட்பார்கள் என்றும் சொன்னேன். அதற்கு அவர் கடைசிவரை போகவில்லை. காதடைப்பானை வாங்கினார். ஒரு வாரம் கழித்து, "அஞ்சு மணி நேரம் தூங்கினேன் சார்" என்று அனுப்பியிருந்தார்.

மதத்தைப் பற்றி அவர் கருத்து ஒன்றும் மாறவில்லை. இன்றைக்கும் எனக்கு எதிர்ப்பக்கத்தில்தான் பேசுகிறார், கடுமையாகவே பேசுகிறார். பாங்கைப் பற்றி மட்டும் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. தூங்க முடியாமல் தவித்த ஒரு மனிதனிடம், உன் தவிப்புக்கு இவர்கள்தான் காரணம் என்று யாரோ ஒரு சமூகத்தையே கைகாட்டிவிட்டிருக்கிறார்கள். அப்படிக் கைகாட்டியவர்கள் மேல்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அதே வருடம் மார்ச்சில் நடந்தது வேறு மாதிரி.

பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. அடுத்த இரண்டு வாரமும் ரூம்களில் பேச்செல்லாம் போர்தான். நேட்டோ விரிவாக்கம், 1994இல் புடாபெஸ்டில் உக்ரைனுக்குக் கொடுத்த வாக்குறுதி, 2014 கிரிமியா எல்லாவற்றையும் பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்து இரவில் பேசுவேன். எந்த ஏவுகணை எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதை ஸ்கோர் சொல்வது போலச் சொல்கிறவர்கள் இருந்தார்கள். மார்ச் 1 அன்று கார்கிவ் நகரில், சாப்பாட்டுச் சாமான் வாங்க வரிசையில் நின்ற கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்தார். அன்று இரவு ரூம் சற்று நேரம் அடங்கியிருந்தது. பிறகு மறுபடியும் ஏவுகணை.

வடசென்னைக்காரனான எனக்குப் போர் என்றால் பாட்டி சொன்ன எம்டன்தான். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு வெளியே நின்று சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சில நிமிடங்கள்தான் சுட்டது. ஆனால் சனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலுக்கு ஓடினார்கள். அந்தக் குண்டுகளில் ஒன்று விழுந்த இடத்தில், உயர் நீதிமன்ற மதிலில், கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். நூறு வருடம் தாண்டியும், கெட்டிக்காரத்தனமாக ஏமாற்றுகிறவனை 'சரியான எம்டன்' என்கிறோம். ஒரு போர் முழுக்க எங்களுக்கு ஒரு வசைச் சொல்லாகத்தான் மிஞ்சியது. அந்த அளவுக்குத்தான் எனக்குப் போரைத் தெரியும்.

அந்த லட்சணத்தில்தான் அன்று இரவு சொன்னேன்: "போர்னு வந்துட்டா சில ஆயிரம் உயிர் போறது தவிர்க்க முடியாதுங்க."

கீழே கேட்பவர்கள் வரிசையில் பல நாட்களாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் ஒரு பெண் அன்று முதல்முறையாகக் கையைத் தூக்கினார். கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறாராம். அவருக்கு அங்கே பகல். மேலே ஏற்றினார்கள்.

"அண்ணா, ஒண்டு கேக்கலாமோ? நீங்கள் செல் குத்துற சத்தம் கேட்டிருக்கிறீங்களோ?"

குத்துற சத்தம் என்றால் என்ன என்றே எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். அங்கிருந்து செல், அதாவது பீரங்கிக் குண்டு, கிளம்பும்போது ஒரு சத்தம் வருமாம், உலக்கையால் குத்துவது போல. அது கேட்டதும் எண்ண ஆரம்பிப்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணிக்கை முடிவதற்குள் பங்கருக்குள் போய்விட வேண்டும். 2009இல் அவருக்குப் பதினாலு வயது. பாதுகாப்பு வலயம் என்று இலங்கை அரசு அறிவித்த இடங்களுக்கு ஒவ்வொன்றாக நகர்ந்து, மாத்தளன் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே வெறும் மணல். பங்கர் வெட்டினால் சரிந்துவிடும். சாக்கு இல்லாததால் சேலைகளை வெட்டி, பையாகத் தைத்து, மண்ணை நிரப்பி அடுக்கினார்கள். "அம்மா கூறைச் சேலையையும் வெட்டினவ. நான்தான் ஊசி கோர்த்துக் குடுத்தனான். அங்க வந்தாப் பிறகு எண்ணுறதை விட்டிட்டம் அண்ணா. குத்துற சத்தத்துக்கும் விழுற சத்தத்துக்கும் நடுவில எண்ண ஒண்டும் இருக்கேல்ல."

ரூமில் இருநூறு பேருக்கு மேல் இருந்தோம். ஒருவரும் மைக்கைத் திறக்கவில்லை. மே 18 எப்படி முடிந்தது, நந்திக்கடலை எப்படிக் கடந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இறுதிக்கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐநா நிபுணர் குழு 2011இல் சொன்னதை, சில மாதம் முன்பு இதே ஆட்களிடம் ஒரு வாதத்தை ஜெயிப்பதற்காக நான் எடுத்து வீசியிருக்கிறேன். அது நினைவுக்கு வந்து கூசியது. "மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"பரவாயில்லை அண்ணா. நீங்கள் கதையுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

அன்று அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. உக்ரைன் ஆனாலும் காசா ஆனாலும் 'தவிர்க்க முடியாத' என்ற சொல்லை அதன் பிறகு நான் எடுப்பதில்லை. யாராவது எடுத்தால், யாருக்குத் தவிர்க்க முடியாதது என்று கேட்கிறேன்.

சரி, டேங்க் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

2023இல் ஒரு வாரம். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி இறந்த செய்தி வந்திருந்தது. இந்தச் செய்தி வராத மாதம் அபூர்வம். நாடாளுமன்றத்தில் சொல்லப்படும் கணக்குகளில் தமிழ்நாடு எப்போதும் முன்வரிசையில்தான் இருக்கிறது. அன்றைய ரூமில் ஒருவர், "குடிச்சிட்டு இறங்குறானுங்க, மாஸ்க் போட மாட்டேங்கிறானுங்க, அப்புறம் செத்தா அரசாங்கம் காசு கொடுக்கணும்" என்றார்.

இது என் தொழில். கையைத் தூக்கி நிதானமாகவே சொன்னேன். தொட்டியில் இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம். கொஞ்சமாக இருக்கும்போதுதான் அந்த நாற்றம் தெரியும். 100 பிபிஎம் அளவுக்கு, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்குக்கு, ஏறினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பான். 700, 800 என்று போனால் ஓரிரு மூச்சில் ஆள் சரிவான். கீழே கெட்டிப்பட்ட சகதியைக் காலால் கலைக்கும்போது, அதற்குள் அடைந்திருந்தது ஒரே நொடியில் வெளிவரும். மேலே நிற்பவன் அண்ணனோ தம்பியோதான். விழுந்தவனைத் தூக்க அவனும் குதிப்பான். அதனால்தான் செய்தியில் எப்போதும் இரண்டு பேர், மூன்று பேர். துணி மாஸ்க்கோ, கடையில் விற்கும் மாஸ்க்கோ இதற்கு ஒன்றும் செய்யாது. உள்ளே ஆக்ஸிஜனே குறைந்திருக்கும்போது எதை வடிகட்டுவது? குடிப்பது அந்த மலத்துக்குள் உடம்பை இறக்குவதற்காக. குடித்ததால் சாவதில்லை.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு டேங்க்குக்குள் ஆள் இறங்க வேண்டுமென்றால் நான் கையெழுத்துப் போட்ட பெர்மிட் வேண்டும். கேஸ் டெஸ்ட் எடுப்போம். ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அனுமதி இல்லை. சல்பைடு 10 பிபிஎம் தொட்டாலே டிடெக்டர் அலறும். உடம்பில் மாட்டும் ஹார்னஸ், ஆளை மேலே தூக்க ட்ரைபாட், காற்றடிக்கும் ப்ளோயர், வாசலில் கண் எடுக்காமல் நிற்க ஒரு ஆள், பக்கத்தில் காற்று சிலிண்டரோடு சுவாசிக்கும் பிஏ செட். இருபது வருடத்தில் ஒரு உயிர் போனதில்லை. மதிலுக்கு உள்ளே இருக்கும் சட்டம் மதிலுக்கு வெளியே ஏன் இல்லை என்று கேட்டேன். வெளியே இறங்குகிறவன் எந்தச் சேரியிலிருந்து வருகிறான் என்பதுதான் காரணம் என்றும் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சார், இவ்ளோ சொல்றீங்களே, உங்க வீட்டு டேங்க்ல யார் இறங்குறாங்க?"

என்னை மடக்கத்தான் கேட்டார். ஆனால் என்னிடம் பதில் இல்லை. எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு வரவில்லை. பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பின்பக்கம் ஒரு செப்டிக் டேங்க் இருக்கிறது. நான் தினமும் பைக் நிறுத்துவது அதன் மூடி மேல்தான். அதை யார் சுத்தம் செய்கிறார்கள் என்று ஒன்பது வருடத்தில் ஒரு நாள் கேட்டதில்லை. பராமரிப்புக் கணக்கில் 'டேங்க் கிளீனிங்' என்று ஒரு வரி வரும். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

காலையில் செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தட்டினேன். ரிட்டயர்டு மனிதர், நல்லவர். "லாரிக்காரன் வந்து உறிஞ்சிட்டுப் போவான் சார். அடியில கெட்டியா தங்கிடுச்சுன்னா கூட வர்ற பையன் இறங்கி வாளியில எடுத்துக் கொடுப்பான். ஐந்நூறு ரூபா எக்ஸ்ட்ரா" என்றார்.

அந்த ஐந்நூறு ரூபாயில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்னுடையது.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை அச்செடுத்து அடுத்த ஞாயிறு கூட்டத்தில் வைத்தேன். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குகிறவர் யாராக இருந்தாலும் குற்றம்தான், வீட்டு உரிமையாளர் உட்பட. முதல்முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய தொகையை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. அதையும் பிறகு கொண்டுபோய்க் காட்டினேன். சிலர் சலித்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில், "நீங்க வந்துதான் ஊரைத் திருத்தணுமா?" என்றார்கள். கடைசியில் சம்மதித்தார்கள். இப்போது தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, சகதியைக் கரைத்து, உறிஞ்சுகிற லாரியைத்தான் கூப்பிடுகிறோம். ஒவ்வொரு முறையும் செலவு கூடுதல். வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் சேர்த்து வசூலிக்கிறோம். மூடியைத் திறக்கும் நாளில் நான் லீவு போட்டுப் பக்கத்தில் நிற்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் டேங்க் கிளீனிங் எடுக்கும் கான்ட்ராக்டரிடம் பல வருடமாக வேலை பார்க்கும் ஒருவர் இருக்கிறார். எனக்கு மூத்தவர். என் பெர்மிட்டில் நூறு முறையாவது இறங்கியிருப்பார். ஹார்னஸ் கொக்கியை மாட்டியதும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் கால் வைக்க மாட்டார். இந்தக் கதையை ஒரு நாள் அவரிடம் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தானும் வீடுகளுக்கு இந்த வேலைக்குப் போவதாகச் சொன்னார். என்னால் நம்ப முடியவில்லை. எல்லாம் தெரிந்தவர். "ஏண்ணே, பெர்மிட் இல்லாம இறங்கலாமா?" என்றேன்.

"அங்க பெர்மிட் யாரு சார் போடுவாங்க?" என்றார்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை அவரிடமிருந்து போன். தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள், மூடியைத் திறந்தாயிற்று, மீட்டர் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். கேஸ் டிடெக்டர் கம்பெனிப் பொருள், வெளியே எடுக்க முடியாது. நான் வரும்வரை இறங்காதீங்க என்று சொல்லிவிட்டு ஓடினேன். நாற்றம் தெருமுனைவரை இருந்தது. இடுப்பில் ஒரு கயிறு, அவ்வளவுதான். வீட்டுக்காரர், "பாதி வேலைல நிறுத்தினா எப்படி? லாரிக்கு வேற காசு கொடுத்தாச்சு" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். அவரும் எனக்கு முகம் தெரியாதவர்தான். முக்கால் மணி நேரம் தெருவில் நின்று பேசினேன். சட்டம் சொன்னேன், வாயு சொன்னேன். கடைசியில் கோபத்தோடு மூடியை இழுத்து மூடச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இவர் இறங்கவில்லை. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைய கூலி இரண்டாயிரம் அவருக்குக் கிடைக்கவில்லை. நான் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார். "அடுத்த ஞாயிறும் நீங்களே கொடுப்பீங்களா சார்?" என்று கேட்டார், கோபமில்லாமல்தான்.

இந்த வெள்ளிக்கிழமை ரூமில் அந்தக் கேள்வியைத்தான் வைக்கப்போகிறேன்.